நோவு தணிக்கும் மருந்தும் அடிமைத்தனமும்: ஓர் ஆயர்பணி நோக்கு

கொல்கொதாவில் நம் ஆண்டவருக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கப்பட்டதென்றும், அவர் அதனை ஏற்கவில்லையென்றும் மாற்கு குறிப்பிடுகிறார் (15:23). சிலுவையில் அறையப்படுவோரின் நோவை மழுங்கச் செய்வதற்காக அளிக்கப்பட்ட பானம் அது என்று விளக்கவுரையாளர் பலர் கருதுவர். இவ்வொரு வசனத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு, விசுவாசி நோவைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமேயன்றி மயக்கந்தரும் மருந்தை நாடலாகாது என்று போதிப்போர் நம்மிடையே உளர். புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் கிடக்கும் ஒருவருக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், "ஐயரே, இது பழக்கமாகிவிடுமாமே, கொடுக்கலாமா?" என்று வீட்டார் ஆயரிடம் கேட்பதுண்டு. நாம் சொல்லும் ஒரு சொல்லைப் பொறுத்து அம்மருந்து நோயாளிக்குக் கொடுக்கப்படும். அல்லது மருந்துச்சீட்டு வேதாகமத்துக்குள் மடித்து வைக்கப்படும். ஆகவே இம்மருந்துகள் மனிதரை எவ்வாறு பற்றிக்கொள்கின்றன, சிலரை அடிமைப்படுத்தி வேறு சிலரை ஏன் விட்டுவிடுகின்றன என்பதை அறிவது நமக்கு வெறும் பொது அறிவன்று. அது ஆயர்பணியின் ஒரு பகுதியாகும்.

உடல் பழகுதல் வேறு, உள்ளம் அடிமையாதல் வேறு

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகிறது. அபினின் ஆற்றலுக்குக் காரணமான பொருளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரை அதற்கு இட்டார். கோடீனும் அபினில் உள்ளதே. ஹெராயின், ஆக்சிகோடோன் முதலியவை அபினிலுள்ள பொருள்களைச் சிறிது மாற்றிச் செய்தவை. ஃபெண்டனில், மெத்தடோன், டிராமடால் ஆகியன முழுவதும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. பிறப்பு வேறுபடினும் இவையனைத்தும் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அதே ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. அவ்வேற்பிகள் 1973ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. கசகசாச் செடியின் பாலுக்கென்றே மனித மூளையில் ஓர் இருக்கை ஏன் அமைந்திருக்க வேண்டும் என்ற வினாவுக்கு 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் விடை கிடைத்தது. நம் உடலே தன் நோவைத் தணித்துக்கொள்ளும் பொருள்களைச் சுரக்கிறதென்று ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் அங்கே காட்டினர். நோவு தணிதல் படைப்பாளரின் ஒழுங்குக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இம்மருந்து வெளியிலிருந்து நாள்தோறும் வருமாயின் உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முதல் வாரத்தில் போதுமாயிருந்த அளவு சில வாரங்களுக்குப் பின் போதுவதில்லை. திடீரென நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்த நரம்புகள் ஒருசேர எழும்புகின்றன. கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, வாந்தி, பேதி, எலும்பெல்லாம் குடைச்சல், உறக்கமின்மை ஆகியவை ஒரு நாளுக்குள் தொடங்கிப் பெரும்பாலும் ஒரு வாரமளவும் வாட்டும். நீண்டநாள் உட்கொள்ளும் சிலருக்கு இம்மருந்தே நோவுணர்வைக் கூர்மையாக்குவதும் உண்டு. அவர்கள் நோவுக்காக மருந்தைக் கூட்ட, மருந்து நோவைக் கூட்டுகிறது.

இவ்வுடற்பழக்கம் நல்லவர்க்கும் தீயவர்க்கும், ஆயருக்கும் குடிகாரருக்கும் ஒரேவிதமாய் வரும். இதில் பாவமென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. அடிமைத்தனம் என்பது இதனின் வேறானது. கேடு விளைவதைக் கண்கூடாகக் கண்டும், வேண்டாமென்று மனம் அழுதும், கைகள் தேடிச் செல்லும் நிலை அது. வேலை, மனைவி, மக்கள், ஆராதனை எல்லாம் மருந்துக்குப் பின்னே தள்ளப்படும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம் குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளச் சபை வரலாற்றில் நமக்கு நன்கு அறிமுகமான ஒருவரைக் காட்டலாம். அடிமை வணிகத்தை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடியவரும், 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தியாவில் மிஷனெரிப் பணிக்கு வழிதிறக்கப் பாடுபட்டவருமான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், 1788இல் கடும் வயிற்று நோயினின்று பிழைக்க மருத்துவர் சொற்படி அபின் உட்கொள்ளத் தொடங்கினார். 1833இல் இறக்குமட்டும், ஏறத்தாழ 45 ஆண்டுகள், அதனை விடவில்லை. விட முயன்றால் உடல் தாங்கவில்லை. ஆயினும் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொண்டு, பாராளுமன்றத்தில் பேசினார், ஜெபித்தார், பிள்ளைகளை வளர்த்தார். அவர் உடல் அபினைச் சார்ந்திருந்தது. அவரை அபினுக்கு அடிமை என்று சொல்ல யார் துணிவார்?

ஒவ்வொரு தலைமுறையும் நம்பிய ஒன்று

அடிமைப்படுத்தாத அபின் ஒன்று கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை திரும்பத் திரும்ப எழுந்து, திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவில் அபின் பழக்கத்தை மாற்றுவதற்கென்று மிஷனெரிமார் மார்ஃபின் கலந்த மாத்திரைகளை வழங்கினர். நல்லெண்ணத்தோடு செய்தனர், ஆனால் மக்கள் அதற்கு "இயேசு அபின்" என்று பெயரிட்டனர். நம் திருப்பணி வரலாற்றில் அரிதாகப் பேசப்படும் பக்கம் இது. பின்னர் 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினுக்குள்ள தீமை இதற்கில்லை என்று அப்போது கருதப்பட்டது. அதன்பின் நூறாண்டு கழியுமுன் அதே நம்பிக்கை அமெரிக்காவில் மற்றுமொரு முறை தலைதூக்கியது. அதன் விளைவையே இன்றளவும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1980ஆம் ஆண்டு ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. கட்டுரையன்று, ஒரே ஒரு பத்தி. மருத்துவமனையில் சேர்ந்து இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரிடம் மட்டுமே அடிமைத்தனம் காணப்பட்டதென்று அது கூறியது. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. மாதக்கணக்காய் வீட்டில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. எனினும் பிற்காலத்தில் 600க்கு மேற்பட்ட ஆய்வுரைகள் அதை மேற்கோள் காட்டின. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லாது விட்டுவிட்டன. வசனத்தை அதன் சூழலினின்று பிடுங்கிப் பிரசங்கிப்பதன் கேட்டை மாணவருக்குக் கற்பிக்கும் நாம், மருத்துவத்திலும் அக்கேடு உண்டென்று இதனால் அறிகிறோம். நாட்பட்ட நோவுக்காக இம்மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோரில் நூற்றுக்கு 8 முதல் 12 பேர்வரை அடிமைப்படுகின்றனர் என்பது 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

இத்தகைய சூழலில்தான் பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996இல் ஆக்சிகாண்டின் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் கரையுமாதலால் தவறான பயன்பாட்டுக்கு அதிகம் இடமளிக்காது என்று சொல்லப்பட்டது. மாத்திரையைப் பொடியாக்கினால் முழு மருந்தும் ஒரே கணத்தில் கிடைத்துவிடும் என்பதை மக்கள் விரைவில் கண்டுகொண்டனர். விற்பனையாளர்கள் மருத்துவரை வீடுவீடாகச் சந்திப்பதுபோல் சந்தித்தனர். அந்நிறுவனத்தோடு இணைந்த நிறுவனம், மாத்திரையின் அபாயத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றியதாக 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் பர்டியூ ஃபார்மாவும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் 2012ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க மருத்துவர் இவ்வகை மருந்துகளுக்கு எழுதிய சீட்டுகள் ஏறத்தாழ 25 கோடியே 50 லட்சம்.

மேற்கு வர்ஜீனியா என்பது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைநாடு. மக்கள்தொகை இருபது லட்சத்தை எட்டாது. 2007 முதல் 2012 வரை அம்மாநிலத்துக்குள் மொத்த வணிகர் அனுப்பிய ஹைட்ரோகோடோன், ஆக்சிகோடோன் மாத்திரைகள் 78 கோடி. அங்கே கெர்மிட் என்னும் சிற்றூரில் வாழ்பவர் ஏறக்குறைய நானூறு பேர். அவ்வூரின் ஒரே மருந்துக்கடைக்கு ஈராண்டுகளில் வந்திறங்கியவை ஏறத்தாழ 90 லட்சம் மாத்திரைகள். சுரங்கத்தில் முதுகொடிந்தவனின் நோவு மெய்யானது. ஆனால் 90 லட்சம் மாத்திரைகளை எண்ணிக் கட்டி அனுப்பியவர் எவரும் நோவை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

பின்பு கட்டுப்பாடுகள் வந்தன. 2010இல் பொடியாக்க இயலாத மாத்திரை வந்தது. ஆனால் ஏற்கெனவே அடிமைப்பட்டோருக்கு மருத்துவ உதவி அதே வேகத்தில் வரவில்லை. மாத்திரை கிடைக்காதவர் பலர் ஹெராயினுக்குச் சென்றனர். 2013 முதல் களவாகச் செய்யப்பட்ட ஃபெண்டனில் அவ்விடத்தைப் பிடித்தது. அது மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஆற்றல் வாய்ந்தது. இவ்வகை மருந்துகள் அளவு மிஞ்சினால் மூச்சை மெல்ல நிறுத்திவிடும். 2022இல் அமெரிக்காவில் போதைப்பொருள் மிகையால் இறந்த ஏறத்தாழ 1,08,000 பேரில் 80,000க்கு மேற்பட்டோர் இவ்வகைப் பொருள்களால் இறந்தனர். 2024இல் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 80,000ஆகக் குறைந்தது. குறைந்ததென்று சொல்லவே நாக்கூசுகிறது.

நோவும் தனிமையும்

மருந்து எங்கும் ஒன்றே. பழகும் உடலும் ஒன்றே. அவ்வாறாயின் சிலரே அடிமைப்படுவது ஏன்? இரத்த உறவின் வழிவரும் இயல்புக்கு இதில் ஏறத்தாழ பாதிப் பங்குண்டு என்று ஆய்வாளர் கூறுவர். இளவயதில் பட்ட கொடுமைகளுக்கும், மனச்சோர்வுக்கும் பங்குண்டு. இவற்றோடு, மனிதன் எந்தச் சூழலில் யாரோடு வாழ்கிறான் என்பதற்கும் பங்குண்டு என்பதை வியத்நாம் போர் காட்டிற்று. அங்கிருந்த அமெரிக்கப் படைவீரரில் ஏறத்தாழ ஐந்திலொருவர் ஹெராயின் முதலியவற்றுக்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்கள் ஊர் திரும்பினால் நாடே கெடும் என்று 1971இல் அரசு அஞ்சியது. லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே அடிமைப்பட்டிருந்தோரில் நூற்றுக்கு ஐந்து பேரளவே முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டனர் என்று கண்டார். அச்சமும் சலிப்பும் சூழ்ந்த காட்டினின்று அவர்கள் வீட்டுக்கும் தொழிலுக்கும் திரும்பியிருந்தனர். மலிவான ஹெராயினும் கைக்கெட்டவில்லை.

இதற்கு நேர்மாறானது மேற்கு வர்ஜீனியா போன்ற பகுதிகளின் நிலை. சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டன. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், பட்டப்படிப்பற்ற நடுவயது வெள்ளையரிடையே மரணம் பெருகியதை 2015இல் எடுத்துக்காட்டினர். பின்னர் எழுதிய நூலில் இவற்றை நம்பிக்கையிழப்பின் மரணங்கள் என்றழைத்து, வேலை, திருமணம், தொழிற்சங்கம், சபை என மனிதனைத் தாங்கிய தூண்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்ததை விளக்கினர். சபையும் அப்பட்டியலில் இருப்பது நம் கவனத்துக்குரியது.

ஆயினும் பிரசங்க மேடைக்கு இவ்விளக்கம் மிக வசதியாக இருப்பதால், இதனோடு நின்றுவிடும் சோதனை நமக்குண்டு. கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க், இல்லினாய், ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களில் ஆக்சிகாண்டின் வெளிவந்த நாளில் இத்தகைய மருந்துச்சீட்டை மூன்று படிகளில் எழுதி ஒன்றை அரசுக்கு அனுப்பும் சட்டம் இருந்தது. ஆகவே பர்டியூ நிறுவனம் அங்கே விளம்பரத்தில் அதிகம் முனையவில்லை. அம்மாநிலங்களில் பின்வந்த ஆண்டுகளின் மரணப் பெருக்கம் மற்ற மாநிலங்களினும் குறைவாகவே இருந்தது. நம்பிக்கையிழந்தோர் அங்கும் இருந்தனர். மருந்தைக் கொண்டுவந்து குவித்தவர்தாம் குறைவு. எனவே இதில் தனிமனிதரின் பாவத்தை மட்டும் தேடுவது நேர்மையாகாது. கணக்கேட்டில் எழுதப்பட்ட பாவமும் உண்டு.

அக்கணக்கேட்டில் நம் நாட்டின் பெயரும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நாளெல்லாம் மூட்டை சுமப்போரும் வண்டியோட்டுவோரும் உழைப்பைத் தாங்குவதற்காகவே டிராமடால் விழுங்குகின்றனர். அங்குப் பறிமுதலான மாத்திரைகளில் பெரும்பங்கு இந்தியாவில் செய்யப்பட்டவை. இந்தியா 2018இல் டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதன்பின் டபென்டடாலை வேறொரு மருந்தோடு கலந்த மாத்திரைகள் அவ்விடத்தை நிரப்பின. 2025 பிப்ரவரியில் அக்கலவைக்கு அளித்திருந்த இசைவையும் நம் அரசு திரும்பப்பெற ஆணையிட்டது.

கோழிக்கோட்டில் கண்ட உண்மை

இதே இந்தியாவில் மற்றொரு முரண் உண்டு. அரசின் உரிமம் பெற்று மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கசகசா பயிராகிறது. மருத்துவத்துக்கான அபினை ஏற்றுமதி செய்யும் நாடு இது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமங்களும் தண்டனைகளும் மருத்துவமனைகளை அச்சுறுத்தியமையால், நாட்டில் மார்ஃபின் பயன்பாடு பத்திலொரு பங்குக்கும் கீழாகச் சரிந்தது. 1997இல் இத்துணைப் பெரிய நாட்டுக்கும் சேர்த்து வெறும் 18 கிலோகிராமே செலவாயிற்று. 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டது. எனினும், நம் நாட்டில் தேவைப்படும் அளவில் நூற்றுக்கு நான்கு பங்கே நோயாளிகளை எட்டுகிறதென்று லான்செட் இதழ் அமைத்த குழு 2017இல் கணக்கிட்டது. கெர்மிட்டில் மாத்திரை வெள்ளம். நம் ஊர்களில் வறட்சி.

1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபாலும் அவர்தம் நண்பர்களும் நோவு தணிப்புப் பணியைத் தொடங்கினர். வாய்வழி மார்ஃபினை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினர். சாதாரண அயலகத்தார் பலர் தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, வீடுகளுக்குச் சென்று, புண்ணைக் கழுவி, அருகிலமர்ந்து பேசினர். இவ்வாறு ஈராண்டுகளில் மார்ஃபின் பெற்ற 1,723 பேரை ஆராய்ந்ததில், மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ களவாகக் கைமாறியதாகவோ ஒரு நிகழ்ச்சியும் காணப்படவில்லை என்று 2001இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. புற்றுநோயாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் நேரடியாக ஒப்பிடுதல் முற்றிலும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அபாயம் மருந்துக் குப்பிக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இது போதிய சான்று. நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு போய்விடவில்லை. தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இரவெல்லாம் பார்த்துக்கொண்டான், திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றான். அமெரிக்காவில் எண்ணெய் மட்டும் ஏராளமாய் விற்கப்பட்டது.

ஆயர் சொல்லவேண்டியது

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஆண்டவர் அப்பானத்தை ஏற்காதது அவருக்கேயுரிய பணியைச் சார்ந்தது. பிறருக்கு அவர் இட்ட கட்டளையன்று. நோவாளிகள் அவரிடம் கொண்டுவரப்பட்டபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் அனுப்பிவிடவில்லை. கெத்செமனேயில் தமக்கும் அப்பாத்திரம் நீங்கவேண்டுமென்றே வேண்டினார். மடிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடுக்கச் சொல்லும் நீதிமொழியும் (31:6) நம் திருமறையில் உள்ளதே. ஆகவே, மருத்துவர் கண்காணிப்பில் மார்ஃபின் பெறும் புற்றுநோயாளியின் வீட்டாருக்கு, "கொடுங்கள், அஞ்சவேண்டாம்" என்று ஆயர் தயக்கமின்றிச் சொல்லலாம். அவர் உடல் அதற்குப் பழகலாம். அது அவரை அடிமையாக்கிவிட்டதென்று பொருளன்று.

அடிமைப்பட்டு வருகிறவரின் நிலை வேறு. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் 2 கோடிக்கு மேற்பட்டோர். நம் சபைகளில் அவர்கள் இல்லை என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை. மெத்தடோன் அல்லது பியூப்ரினார்பின் என்னும் மாற்று மருந்தை ஒழுங்காகப் பெறுவோரிடம் மரணம் பாதியளவுக்குக் குறைகிறது என்பது பல நாடுகளில் நிலைநாட்டப்பட்ட உண்மை. அவ்விரண்டும் அபின் வகையினவேயாதலால், ஒரு விலங்கைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதாக விசுவாசிகள் சிலர் கருதுவர். சீனத்து "இயேசு அபின்" நினைவுக்கு வருவதும் இயல்பே. ஆனால் அன்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டனர். இன்று அளவறிந்து, நாள்தோறும் கண்டு, மருத்துவர் கொடுக்கிறார். கவிஞர் கோல்ரிட்ஜ், அபினின் பிடியில் சிதைந்த நிலையில் 1816இல் கில்மன் என்னும் மருத்துவரின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். முற்றிலும் விடுபடவில்லை. ஆயினும் அளவு கட்டுப்பட்டு, அக்குடும்பத்தின் மேசையில் உண்டு, எழுதிக்கொண்டு, பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு மாதம் தங்குவதற்கே அவர் வந்ததாக அறிகிறோம்.

சாட்சிக் கூட்டங்களில், மருந்தெல்லாம் விட்டுவிட்டேன் என்று சொல்பவருக்கே நாம் கைதட்டுகிறோம். மாற்று மருந்தில் இருப்பவர் எழுந்து நிற்க அஞ்சுகிறார். சிலர் அவ்வச்சத்தாலேயே மருத்துவரிடம் சொல்லாமல் அதை நிறுத்துகின்றனர். உபவாசக் கூடுகையிலோ மீட்பு இல்லத்திலோ சிறையிலோ சில வாரங்கள் விலகியிருந்த உடல் தன் பழைய தாங்குதிறனை இழந்துவிடுகிறது. அதன்பின் ஒருநாள் தவறி முன்பு எடுத்த அளவையே எடுப்பாராயின், அதுவே அவர் மூச்சை நிறுத்தப் போதுமானது. விடுபட்ட முதற்சில வாரங்களே மரண அபாயம் மிகுந்தவை. இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும், அவ்வாரங்களில் அவரைத் தனியே விடாமல் சபையார் முறைவைத்துச் சென்று காண ஏற்பாடு செய்வதும், மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தவேண்டாம் என்று ஜெபக்குழுத் தலைவர்களுக்கு அறிவுறுத்துவதும் ஆயரின் பொறுப்பாகும்.